ஒன்றுமில்லை

தேவாலா பஜாரில், பேக்கரிக்கு மேல்மாடியில்
எட்டு கம்ப்யூட்டர். ஆறு வேலை செய்யும்.
வர்க்கி வேகும் வாசனைக்குள் உட்கார்ந்து
நான் ஒரு மெஷினுக்கு யானை சொல்லிக்கொடுக்கிறேன்.
படத்துக்கு முப்பது பைசா.

பலாமரத்தில் கட்டிய கேமரா
ராத்திரி முழுக்க எடுத்துத் தள்ளியதெல்லாம்
காலையில் என் முன்னால் வந்து நிற்கும்.
அடியில் நாலு பெட்டி:
யானை. வேறு மிருகம். மனிதர். ஒன்றுமில்லை.
முதல் வாரம் பாறையை யானை என்றேன்.
தார்ப்பாய் மூடிய ஜீப்பை யானை என்றேன்.
மழை சாய்ந்து விழுந்த ஒரு படத்தில்
யானையை மழை என்று விட்டுவிட்டேன்.
"சந்தேகம்னா யானைன்னு போடு,
அதுவும் நம்மள மாதிரி பயந்து பழகட்டும்"
என்றான் ரெஜி.

டீ குடிக்க இறங்கினால் அங்கேயும் இதே பேச்சு.
கொழுந்து வெட்ட மெஷின் வந்தாச்சு,
இனி மேஸ்திரிக்கும் ஒன்று வருமாம் என்கிறார் ஒருவர்.
"வரட்டும், அது கெட்ட வார்த்தை பேசாதில்ல"
மூலை பெஞ்சில் ஒரு பெண்குரல்.
சுப்பையா மகனுக்குக் கடன் கிடையாது என்று
போனே சொல்லிவிட்டதாம், முகம் பார்க்காமல்.
முகம் பார்த்தவர்கள் மட்டும் கொடுத்தார்களா?

ஆடியில் ஒரு விடிகாலை
லயத்தில் எல்லாப் போனும் ஒன்றாக அலறின.
அக்கா யோகேஸ்வரி போட்டிருந்த கொங்காணியைக் கழற்றிவிட்டுக்
கதவைச் சாத்தி உட்கார்ந்தாள்.
இருபது நிமிஷம் கழித்துப் போனபோது
பாதை நடுவில் லத்தி ஆவி விட்டுக்கொண்டிருந்ததாம்.
அன்று ராத்திரி மத்திக் குழம்பு.
"ஒன் மெஷினுக்கும் ஒரு தட்டு வைக்கவா?" என்றாள்.

அந்த வாரம்தான் மரியபுஷ்பம் வந்தாள்.
படத்தில்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு, ரிசர்வ் பக்கமிருந்து,
தலையில் விறகுக்கட்டு.
"மனுசங்க படமெல்லாம் ரேஞ்சு ஆபீசுக்குப் போகுமா?"
"தெரியாது" என்றான் ரெஜி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.
அவன் ஆமாம் என்றிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.
அவள் வீட்டு சிலிண்டர்
மூன்று மாதமாகக் காலியாகக் கிடப்பது படத்தில் இல்லை.
ஒன்றுமில்லை என்று அழுத்தினேன்.
மறுநாளும் வந்தாள். ஒன்றுமில்லை.
பதினொரு நாள்,
அவளுக்குத் தெரியாமல் அவளை
அழித்துக்கொண்டிருந்தேன்,
நல்ல மனசோடு.

நேற்றிலிருந்து மெஷின் தானே யூகம் சொல்கிறது.
நாங்கள் சரி என்றால் போதும், பத்து பைசா.
பனி. தேயிலைச் செடி. நடுவில்
குனிந்த ஒரு உருவம், தலையில் சாக்கு.
கறுப்பு வெள்ளையிலும் அந்த நிற்பு தெரிந்தது,
இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி.
அக்கா.
அடியில் எழுதியிருந்தது:
ஒன்றுமில்லை. உறுதி எண்பத்தேழு சதவீதம்.

யானைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால்தான்
சங்கு ஊதும்.
இல்லையென்றால் கம்பத்தில் சிவப்பு விளக்கு மட்டும்.
தேவாலாப் பனியில் அது
பீடிக் கங்கு அளவுகூடத் தெரியாது.

சாயங்காலம் மரியபுஷ்பத்தைத் தேடிப் போய்
எல்லாம் சொன்னேன், கேமரா, பெட்டி, முப்பது பைசா.
அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.
"இனி பலாமரத்துப் பக்கம் வராதீங்க,
பழைய தங்கச் சுரங்கத்து வழியாப் போங்க."
புகையில் கண்ணைத் துடைத்துச் சிரித்தாள்.
"கேமரா இல்லாத வழியிலதான்டி
இப்ப யானையும் போகுது."

இன்று காலை முதல் வேலையாக
அக்காவை மனிதர் என்று மாற்றினேன்.
பிறகு அந்தப் பதினொரு படத்தையும் தேடினேன்.
திறக்கவில்லை.
"அதெல்லாம் அது படிச்சு முடிச்சிருச்சு" என்றான் ரெஜி.