பாலம் திறப்பு

கத்தரிக்கோல் உறைந்துவிட்டது.
இளவரசி சுன்னீவா இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.
நாடா மசியவில்லை.
மேயர் சிரித்தார்.
கொடியோடு நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகியது.

மூன்றடி பின்னால் நான்:
மாற்றுக் கையுறை, இருமல் மிட்டாய்,
கைகுலுக்க வேண்டியவர்களின் பட்டியல்.
பதினோராவது பெயர் தூர்லேய்ஃப்.
முப்பத்தோரு ஆண்டு
இந்த நீரிணையில் படகு ஓட்டியவர்.
நாளையிலிருந்து அவருக்கு வேலை இல்லை;
அதை எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

அவளுக்கு எப்படித் தெரிந்ததோ,
வரிசையைத் தாண்டிப் போய்
கையுறையைக் கழற்றி அவர் கையைப் பிடித்தாள்.
'வாழ்த்துகள்' என்பதுதான் பயிற்சி.
"உங்ககிட்ட கத்தி இருக்கா?" என்றாள்.

செதில் ஒட்டிய பேனாக்கத்தி.
கொஞ்ச நேரம் யோசித்துத்தான் கொடுத்தார்.
ஒரே இழுப்பு.
கைதட்டல். பித்தளை வாத்தியம். எல்லாம்.

காரில் விரல்களை முகர்ந்தாள்.
டீசல், காட் மீன்.
"திருப்பிக் கொடுத்தோமா?"
இல்லை. என் பையில், மிட்டாய்களுக்கு நடுவே.
திரும்பிப் போக நேரமில்லை,
அடுத்து மருத்துவமனை, நாற்பது நிமிடம்.

கண்ணை மூடிக்கொண்டாள்.
ஜன்னலுக்கு வெளியே வெறும் பனி,
ஓர் ஆளில்லை.
மணிக்கட்டு மட்டும்
மெல்ல
அசைந்துகொண்டே வந்தது.