அளந்து போட்டது

கூரைமேல் பன்னிரண்டு தகடுகள்.
போன ஏப்ரலில் இரண்டு பையன்கள் ஏறிப் பொருத்தினார்கள்.
ஒருவன் ஓடு ஒன்றை உடைத்துவிட்டு
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான்.
அன்றிலிருந்து, கிரிம்ஸ்பியில்
வெயில் அடிக்கிற ஒவ்வொரு மணி நேரமும்
யாரோ எனக்குக் கடன்படுகிறார்கள்.

யார் என்பதில்தான் சிக்கல்.

எனக்கு மின்சாரம் விற்கும் கம்பெனி சொல்கிறது:
ஏற்றுமதி எண் வந்ததும் கணக்குத் தொடங்கும்.
எண் தர வேண்டியவர்கள் கம்பிகளுக்குச் சொந்தக்காரர்கள்.
கம்பிக்காரர்கள் சொல்கிறார்கள்:
பொருத்தியவர் சான்றிதழ் அனுப்பவில்லை.
பொருத்தியவர் கடையை மூடிவிட்டார்.
அவர் போன் நம்பரில் இப்போது
லீட்ஸில் நாய்களுக்கு முடிவெட்டும் ஒரு பெண் பேசுகிறாள்.
நல்லவள். இரண்டு முறை என் கதையைக் கேட்டாள்.

ஏற்றுமதியாம்.
முப்பத்தெட்டு வருஷம் மீன் ஆலையில் ஹேடாக் அறுத்தவள் நான்.
ஏற்றுமதி என்றால் ஐஸ், பெட்டி, லாரி, கையெழுத்து.
இப்போது நானே ஏற்றுமதியாளர்:
டிரெஸ்ஸிங் கவுனோடு
மாடிப்படிக்கு அடியில் குனிந்து
டார்ச் அடித்து மீட்டர் படிக்கிற ஏற்றுமதியாளர்.

ஜூனில் படம் கேட்டார்கள். அனுப்பினேன்.
தேதி தெரியவில்லை என்றார்கள்.
அன்றைய பேப்பரை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்து
மறுபடி எடுத்தேன்,
கடத்தப்பட்ட ஆள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்
என்று காட்டுவதுபோல.
ஹெட்லி விழுந்து விழுந்து சிரித்தார்.
ஆகஸ்டில் நிறுத்திவிட்டார்.
தகடுகளுக்கு வாங்கிய கடன்
மாதம் முதல் தேதி காலை
எந்த எண்ணையும் கேட்காமல் வங்கியிலிருந்து போகிறது.

உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.
ஐம்பத்திரண்டு நிமிஷம் முக்கியமாக இருந்தேன்.

கடைசியில் எடுத்த பையன், பெயர் ஜாரெட்,
பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்,
வேறொன்று சொன்னான்:
நீங்கள் செலவழிக்காதது தூரமெல்லாம் போகாது, மேடம்.
பெரும்பாலும் பக்கத்து வீடுதான்.

பக்கத்து வீடு ராமூனே.
லிதுவேனியாக்காரி, இரவு ஷிஃப்ட்.
பதினொரு மணிக்கு எழுந்து வாஷிங் மெஷின் போடுவாள்.
அது சுற்றுவது சுவர் வழியே கேட்கும்.
என் கூரையின் ஜூலை முழுக்க
அவள் பையனின் கால்பந்துச் சட்டையைத்
துவைத்திருக்கிறது.

சொன்னேன். பயந்துபோனாள்:
நான் உங்களுக்குப் பணம் தர வேண்டுமா?
இல்லையம்மா, நீதான் கொடுத்துவிட்டாயே.
பில்லைக் கொண்டுவந்தாள்.
என் கடிதத்தையும் எடுத்தேன்.
சமையலறை மேசையில், ஜாம் பாட்டிலுக்கு இரண்டு பக்கமும்:
ஒரே கம்பெனி, ஒரே நீல முத்திரை.
அவளுக்கு, யூனிட் இருபத்தேழு பென்ஸ்,
பதினான்கு நாளில் கட்டவும்.
எனக்கு, பரிசீலனையில்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்தேன். போட்டேன். எழுதியும் வைத்தேன்,
ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று யூனிட்.
ஆறு வாங்கிக்கொண்டது.
ஆற்றுக்கு ஒரு கணக்குத் துறை இருக்கும்,
அது வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே மூடிவிடும் என்று
பழமொழியில் இல்லை.

இப்போதெல்லாம் மெஷின் போடுமுன்
ராமூனே சுவரில் இரண்டு தட்டு தட்டுகிறாள்.
நான் கெட்டிலை அணைத்துவிடுவேன்,
முழுசாகப் போகட்டும் என்று.
ஹெட்லிக்கு இது பைத்தியக்காரத்தனம்.
அவர் தேநீருக்குக் காத்திருக்கிறார்.

டிசம்பர் பதினாறு. பணம் வந்தது.
எண் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்காம்,
அக்டோபர் இருபத்தொன்பது.
அதற்கு முந்தையது
தாமாக முன்வந்து வழங்கியதாகக் கருதப்படும்.
மூன்று பவுண்டு எழுபத்திரண்டு பென்ஸ்.

மூன்றரை மணிக்கே இருட்டு.
தகடுகள்மேல் மழை.
சுவரில் இரண்டு தட்டு.
இந்நேரம் என் கூரையில் ஒன்றுமில்லை,
அவளுக்கும் தெரியும்.

திருப்பித் தட்டினேன்.