அரைப்பேர்

பங்களாவில் தங்கிய ஜெர்மன்காரர்
குளியலறையில் மறந்துபோன கடிகாரம்
மூன்றாம் நாள் லாச்சிக்குள் நின்றுவிட்டது.
பழுதில்லையாம். கை அசைந்தால்தான் ஓடுமாம்.
அடுத்த மாதம் வருகிறேன்,
அதுவரை யாராவது கட்டியிருங்கள் என்று
ஃபோனில் சொன்னாராம்.

காவல்கார பெனடிக்ட் கட்டிப் பார்த்தார்.
அவர் கையில் அதுவும் தூங்கிப்போனது.
அப்படித்தான் என்னிடம் வந்தது.

முந்நூறு மீட்டர் ஆழத் தண்ணீர் தாங்குமாம்.
நாலாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில்
பொகவந்தலாவை மழைக்கு
என்ன கணக்கு வைத்திருக்கிறார்களோ.

ஏழாம் நம்பர் மலையில்
கொழுந்துக்கும் கூடைக்குமாக
என் கை போய்ப் போய் வர
உள்ளே ஏதோ சுழன்றுகொண்டே இருந்தது.
ராத்திரி நான் அசையாமல் கிடக்க
தலைமாட்டில்
என் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாகச்
செலவழித்து ஓடியது.

வெள்ளிக்கிழமை, கொழுந்து மடுவம்.
தராசு பதினாறில் நின்றது.
"தவராணி, அரைப்பேர்."

ஈரக் கையை நீட்டினேன்.
"இதைப் பாருங்க ஐயா,
ஒரு நொடி நிக்கல."

கணக்கப்பிள்ளை
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
குனிந்து பார்த்தார்.
பிறகு தன் கடிகாரத்தில்
இரண்டு நிமிடத்தைத் திருத்திக்கொண்டார்.