யார் கணக்கு

ஜுஃபேர். தேர்தலுக்கு முந்தைய வெள்ளி.
குடியரசுக் கட்சிக்காரர்கள் பதினெட்டுப் பேர்,
ஒரே மேசை கேட்டார்கள். ஒட்டிப் போட்டேன்.

சூப் ஆறுமுன்னே சண்டை.
அடுத்தவன் போர் நமக்கெதற்கு என்றார் டார்லீன்.
கடற்படையில் கிழடு தட்டிய வெண்டல்
தொப்பியைக் கழற்றி மேசையில் அறைந்தார்.
இறக்குமதி வரி கூடாதென்ற பையனைத்
துரோகி என்றது ஒரு குரல்.
மேசை மூன்றானது. இழுத்துப் போட்டவன் நான்.

பிறகு டிவியில்
எதிர்க்கட்சி வேட்பாளர் சிரித்தார்.
பதினெட்டு வாயும் ஒரே ஊளை.
வெண்டல் டார்லீன் பக்கம் கெட்சப்பை நகர்த்தினார்.

எனக்கென்ன புதிதா?
மனாமாவில் எங்கள் சங்கத்துக்கே
பொங்கலுக்கு இரண்டு பானை,
கிரிக்கெட்டுக்கு ஒரே பஸ்.

பில் தனித்தனியாகப் போடச் சொன்னார்கள்.
எல்லார் கையும் போய்வந்த
அந்த வெங்காய வளையத் தட்டை
யார் கணக்கில் எழுதுவது?