விபரம்: நாணயம் ஒன்று

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, இரண்டாம் மாடி,
அடகுக் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம்
நனைந்த குடையோடு ஞானமுத்து.

தாலிக்கொடி, மோதிரம், சுரை தொலைந்த ஒற்றைத் தோடு,
இங்கே வருவது இவைதான்.
அவர் வைத்ததோ நீல வெல்வெட் பெட்டி.
உள்ளே தங்கக் காசு.
ராஜா இல்லை, சிங்கம் இல்லை.
தலையில் துணி கட்டிய ஒருத்தி
சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு
கிண்ணத்தில் பால் ஊற்றுகிறாள்.

"குவைத்திலிருந்து லோகசுந்தரி அனுப்பினது.
மூணு மாசச் சம்பளத்துக்குப் பதிலா
மேடம் இதைக் குடுத்தாவாம்.
பேர்போன ஓவியமாம், மிஸ்.
பன்னிரண்டு பொம்பளைங்கள்ல இவ ஏழாவதாம்."

தராசுக்கு ஓவியம் தெரியாது.
ஏழு கிராம் எழுபத்தெட்டு.
பவுணுக்கு ஒரு பொட்டுக் குறைவு.

உரைகல்லில் உரச வேண்டும்.
முகத்தை வைக்க மனம் வரவில்லை,
ஓரத்தைத் தேய்த்தேன்.

"படத்துக்கு ஏதும் சேத்துப் போடுவீங்களா?"
"இல்ல."
கொஞ்சம் நின்றார்.
பெட்டியை மட்டும் திருப்பிக் கேட்டார்.
மகள் பென்சில் துண்டுகள் போட்டுவைப்பாளாம்.

விபரப் பத்தியில் எழுதினேன்:
நாணயம் 1. பெண். பால் ஊற்றுகிறாள்.
முதலாவதை விட்டு
மற்ற இரண்டையும் மனேஜர் சிவப்பில் வெட்டினார்.

தவணை முடிந்து பதினோரு நாள்.
அனுப்பிய கடிதம்
தோட்டத்து ஆபீஸ் முத்திரையோடு திரும்பி வந்திருக்கிறது.
நாளை காலை ரயிலில்
செட்டியார் தெருவுக்குப் பொதி போகும், உருக்க.

பெட்டகத்தைப் பூட்டுமுன்
விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன்.
பால் இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.
கிண்ணத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று
இந்தக் கோணத்தில்
தெரியவில்லை.