முப்பதில் ஒரு பங்கு

நானூறு மில்லிமீட்டர் லென்ஸைக் காரிலேயே விட்டுவிட்டேன்.
"மழைக்குப் பயமா, வீர்லே?" என்றான் யோரிஸ்.
கழுத்துக்குப் பயம்.
போன ஞாயிறு அதைச் சுமந்து தோள் இறங்கியதுதான் மிச்சம்;
கிடைத்தவை
வாய் பிளந்த பதினேழு முகங்கள்.
எந்த ஊர்ச் சாலையிலும் ஒட்டிக்கொள்ளலாம் அவற்றை.

இன்று இரண்டே கேமரா.
கழுத்தில் முப்பத்தைந்து, இடுப்பில் எழுபது முதல் இருநூறு.
லென்ஸின் தலையில் ரொட்டிக்கடைப் பாலிதீன் பை,
ரப்பர் வளையம் போட்டு இறுக்கி. உள்ளே இன்னும் மாவு வாசனை.
பேட்டரிகள் சட்டைக்குள், மார்புச் சூட்டில்:
ஃபிளாண்டர்ஸின் மார்ச் மாதக் குளிர்
முதலில் உறிஞ்சிக் குடிப்பது அவற்றைத்தான்.

ஹூண்டர்பெர்க். குன்று என்று சொன்னால் குன்றே சிரிக்கும்.
இறங்கியதும் கல் பாவிய நேர்ப்பாதை,
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாணமும் மழையும்,
முடிவில் சட்டென்று ஒடிகிற வளைவு.
யோரிஸ் வளைவின் உள்பக்கம் குந்தினான்.
நொடியை இரண்டாயிரமாக நறுக்கி
அதில் ஒரு துண்டை எடுப்பவன் அவன்.
தெறிக்கும் சேற்றை எண்ணிச் சொல்லலாம் அவன் படத்தில்.
சக்கரக் கம்பிகளையும் எண்ணலாம்.
அதுதான் எனக்கு ஆகாது.
எண்ண முடிகிற சக்கரம் நிற்கிற சக்கரம்.

நான் நேர்ப்பாதையில், வேலியோரம்,
சாலைக்குப் பக்கவாட்டில்.
எனக்கு முப்பதில் ஒரு பங்கு போதும்.
பாதம், அவர்கள் போய் மறையும் திசைக்கு.
இடுப்பை மட்டும் திருகி, வரும் திசைக்கு.
ஒருவனைத் தேர்ந்துகொள்; தொலைவிலேயே கண்ணால் பற்று;
அவன் வேகம் உன் இடுப்புக்கு வந்தபின் அழுத்து.
அழுத்தியபின் நிற்காதே.
நின்றால் படம் நொண்டும்.

எனக்கு இருபதடி தள்ளி ரோசான்,
நீல அணியின் உதவியாள்,
தண்ணீர் பாட்டிலின் கழுத்தை இரு விரலில் பிடித்துக்
கையை நீட்டி நின்றாள்.

முதலில் ஹெலிகாப்டர். பிறகு போலீஸ் மோட்டார் சைக்கிள்கள்.
பிறகு, மழைக்கு மேல் இன்னொரு மழை போல, சங்கிலிகள்.

செப்பே டானென்ஸ். எண் நூற்று நாற்பத்தொன்று.
தனியாகப் பிரிந்து வந்தான், தாடை மார்பில் இடிக்க.
பற்றினேன். இடுப்பு அவனாயிற்று. அழுத்தினேன்.

முதல் படம்: அவன் முகமும் தோளும் அசையாமல் இருக்க
வேலி, வயல், குடைகள் எல்லாம் ஓடுகின்றன.
இரண்டாவது: முன்சக்கரம், தனக்கென்று ஒரு யோசனையோடு.
மூன்றாவதில் அவன் இல்லை.

அவன் விழுந்தது என் இடுப்புக்குத் தெரியவில்லை.
அவன் போயிருக்க வேண்டிய வேகத்தில்,
போயிருக்க வேண்டிய இடத்துக்கெல்லாம்
போய்க்கொண்டே இருந்தது.
நான்கு. ஐந்து. ஆறு.
பச்சையும் சாம்பலும் கோடுகோடாய்,
கடைசியில் நீலமாய் இழுபட்ட ஒரு நீண்ட கை.

பிறகுதான் சத்தம் கேட்டது.

காறை எலும்பு என்றார்கள் ஆம்புலன்ஸில்.
கென்ட் பத்திரிகை யோரிஸின் படத்தைப் போட்டது:
ஆகாயத்தில் சைக்கிள், கல்லுக்கு ஒரு சாண் மேலே கன்னம்,
பதினொரு சேற்றுத் துளி.
நல்ல படம். பொறாமையோடுதான் சொல்கிறேன்.
என் கார்டில் இருந்ததைப் பார்த்துவிட்டு எடிட்டர்
"இதில் யார்?" என்று கேட்டார்.
பெட்ரோல் காசும் தேறவில்லை.

மாலையில், அணிப் பேருந்தருகே
வாளியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த ரோசானிடம்
ஆறாவதைக் காட்டினேன்.
திரைமேல் விழுந்த தூறலைக் கட்டைவிரலால் துடைத்தாள்.
வெற்றுச் சாலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
தன் கையைத்தான் பார்த்தாள்.
"உடனே ஓடிட்டேன்னு நெனச்சேன்" என்றாள்.
"இன்னும் நீட்டிட்டுத்தான் இருந்திருக்கேன்."

பிறகு அடுத்த பாட்டிலை எடுத்தாள்.