பதினோராம் பெட்டி

சிரில் ப்ரெகாரின் காகிதங்கள்
பதினான்கு பெட்டிகளில் வந்தன.
இறக்கி வைத்தவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு
உள்ளே கல்லா என்று கேட்டார்.
கண்ணாடித் தகடுகள் என்றேன்.
மலைகள் என்று சொல்லியிருக்கலாம்.

முதல் மூன்று பெட்டிகளில் மலையே இல்லை.
லுப்லியானா இசைக்குழுவின் சம்பளச் சீட்டுகள்,
பதவி: இரண்டாம் ஓபோ.
கறுப்புக் கோட்டுக்குத் தையல் கூலி.
ஒத்திகைக்குத் தாமதம், அபராதம், இருமுறை.
ஐம்பத்தேழு நவம்பரில்
ஒரு மருத்துவர் எழுதிய அரைப்பக்கம்:
மேலுதட்டின் இடது ஓரம் சொன்னபடி கேட்பதில்லை,
ஆறு மாதம் ஓய்வு கொடுக்கவும்.
கொடுத்திருக்கிறார்.
ஓய்வுக்குப் போன உதடு வேலைக்குத் திரும்பவில்லை.

நான்காம் பெட்டியில் ஓபோ விற்ற ரசீது,
அதே வாரம் கேமரா வாங்கிய ரசீது.
கழித்துப் பார்த்தேன்.
மீதியில் ஒரு ஜோடி பூட்ஸ் வரும்.

பிறகு எல்லாம் பனி.
ட்ரென்டா பள்ளத்தாக்கு, ட்ரிக்லாவின் வடக்குச் சுவர்,
பெயரில்லாத ஒரே பாறை நாற்பத்தொரு முறை.
குறிப்பேடுகளில் பென்சில் கையெழுத்து
குளிரில் குறுகிக்கொண்டே போகிறது.
"காலை நாலேகால். மேகம் எனக்குக் கீழே.
மெதுவாக இருபத்து நான்கு எண்ணி மூடினேன்."
வினாடி என்று எங்கும் எழுதவில்லை.

இது போதாதா?
கண்காட்சி மலர்கள் அத்தனையிலும்
ஒளியால் வாசித்தவர் என்றே போட்டிருந்தார்கள்.
பக்கத்து மேசை நேவா
ஒரு சிகர வரிசையை இசைத்தாளில் படியெடுத்து
மதிய இடைவேளையில் பியானோவில் தட்டிப் பார்த்தாள்.
யாரோ மாடிப்படியில்
பாத்திரம் உருட்டியதுபோல் இருந்தது.
சிரித்துவிட்டு சூப் குடிக்கப் போனோம்.

மாரிபோரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார்:
உங்கள் படங்களில் எனக்கு இசை கேட்கிறது.
பதிலுக்கு நான்கு வரைவுகள்.
முதலாவதில் நன்றி.
இரண்டாவதில் நன்றி, வானிலை, ஓர் அழைப்பு.
மூன்றாவது பாதியில் நிற்கிறது.
நான்காவது ஒரே வரி:
அம்மையீர், எதுவும் கேட்காத இடம் என்றுதான் போனேன்.
எதை அனுப்பினார் என்று தெரியாது.
நான்கையும் ஒரே உறையில் வைத்தேன்.

பட்டியலை அங்கேயே முடித்திருப்பேன்,
பதினோராம் பெட்டியில்
வடிகட்டிக் கண்ணாடிகள் என்று எழுதிய
தகர டப்பா இல்லாவிட்டால்.
திறந்தால் பஞ்சு.
பஞ்சுக்குள் ஒன்பது சீவாளிகள்,
சிவப்பு நூல் சுற்றியவை.
ஒவ்வொன்றின் அடியிலும் ஊசியால் கீறிய ஆண்டு:
அறுபத்து மூன்று, அறுபத்தெட்டு, எழுபத்து நான்கு.

ஓபோ விற்றது ஐம்பத்தெட்டில்.

திரும்பிப் போய்ப் பில்களைப் புரட்டினேன்.
மண்ணெண்ணெய், கயிறு, ரசாயனங்கள் நடுவே
தென் பிரான்சிலிருந்து நாணல், அரைக் கிலோ,
வருடா வருடம்.
சமையல் செலவென்று முன்பு தாண்டியிருந்தேன்.
குறிப்பேடுகளில், எண்ணிக்கைக்கு முன்னால்,
எங்கும் ஒரு சொல்: நனைத்தேன்.
துணியை என்று நினைத்திருந்தேன்.

ஓபோ இல்லாமல் சீவாளியை மட்டும் ஊதினால்
காகம் கரைவதுபோல் ஒரு சத்தம் வரும்,
அவ்வளவுதான்.
அதற்குச் சுரம் கிடையாது,
கோணிய உதடு போதும்.

கடைசிப் பெட்டியில்
மலைக் குடில் காவலர் அல்பினா ஸோர்க்கோ
தன் நாட்குறிப்பிலிருந்து கிழித்தனுப்பிய பக்கம்,
எழுபத்தொன்று செப்டம்பர்:
ப்ரெகார் மேலே கூடாரம் போட்டிருக்கிறார்.
காகங்கள் இருட்டிய பிறகும் கரைகின்றன.
இந்த வருடம் என்ன ஆயிற்று இவற்றுக்கு?
ஓரத்தில் ப்ரெகாரின் பென்சிலில்
ஒரு கேள்விக்குறி மட்டும்.

படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பாமல் நிற்கிறது.
காகிதமா, கருவியா, தாவரமா?
நேவா தாவரம் என்கிறாள், பூச்சி வரும்,
தனி அறைக்கு அனுப்பு என்கிறாள்.
எழுபத்து நான்கை வெளிச்சத்தில் பிடித்தேன்,
நுனியில் ஒரு பல்லின் தடம்.
கைக்கு உறை போட்டிருந்தேன்.
உதட்டுக்கு உறை கிடையாது.

ஐந்து மணிக்கு விளக்கணைக்க வந்தவர்
ஜன்னல் திறந்திருக்கிறதா,
உள்ளே பறவை ஏதும் புகுந்துவிட்டதா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.